கூரை விழுந்த பள்ளிக்கூடம்

எதற்கெடுத்தாலும் பதறுவது எனக்குப் பிறவியிலேயே வந்துவிட்ட குணம். நாற்பதைத் தாண்டி, தலையில் பாதி முடி போன பிறகும், லிஃப்ட் கதவு திறக்கக் கொஞ்சம் தாமதித்தால் போதும், என் இறுதிச் சடங்குக்கு யார் யார் வருவார்கள் என்று உள்ளுக்குள் ஆள் எண்ணத் தொடங்கிவிடுவேன். எப்போதும் கூட்டம் குறைவாகத்தான் இருக்கும். இந்த வியாதி முற்றியது அமெரிக்காவில், பார்சிப்பனி என்ற ஊரில், ஒரு வாடகை ஹாலில், எனக்குப் பத்து வயதாக இருந்தபோது.

எங்கள் தெருவில் ட்ராயிங் ஆன்ட்டி என்று ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். சனிக்கிழமை காலைகளில் தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் அவர் வீட்டு பேஸ்மென்டில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து பெயின்ட் கொட்டுவோம். அமெரிக்கா வருவதற்கு முன் ஊரில் அவர் குழந்தைகளுக்காக ஒரு சித்திரப் பள்ளி நடத்தியிருந்தார். போரில் ஷெல் விழுந்து அதன் கூரை போய்விட்டது. இதை எங்களிடம் அவர் சொன்னதில்லை. அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததை, ஹோம்வொர்க் செய்வதுபோல் நடித்துக்கொண்டே நான் கேட்டேன். கூரை இல்லாத பள்ளிக்கூடம் என்றதும் எனக்குப் பொறாமையாக இருந்தது. மழை பெய்தால் லீவுதானே.

சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு குளிர்காலத்தில், அந்தப் பள்ளியை எடுத்துக் கட்ட நிதி திரட்டலாம் என்று எங்கள் குடும்பங்கள் கூடிப் பேசின. இட்லி, வடை விற்பது. பிள்ளைகளின் படங்களை ஏலம் விடுவது. ஆன்ட்டி எங்களுக்குக் கொடுத்த தலைப்பு ஒன்றே ஒன்று.

“நாளைக்கு விடிய எழும்பி ஜன்னலால பாக்கேக்க என்ன தெரிஞ்சா உங்களுக்குச் சந்தோசம்? அதைக் கீறுங்கோ.”

ஊரில் அவருடைய மாணவர்களுக்கும் இதே தலைப்பைத்தான் கொடுத்திருந்தாராம். அவர்கள் வரைந்ததில் சிலவற்றைப் புடவைகளுக்கு நடுவே சுருட்டிக் கொண்டுவந்திருந்தார். அவையும் ஏலத்துக்கு வந்தன.

எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. திங்கட்கிழமை கணக்குப் பரீட்சை. ஆகவே வானம் முழுக்கக் கறுப்பு மேகம். கீழே என் எலிமென்டரி ஸ்கூல். பனியின் பாரம் தாங்காமல் கூரை உள்ளே விழுந்து கிடக்கிறது. பரீட்சை நடக்கவே நடக்காது என்று உறுதிசெய்துகொள்ள ஒரு சுவரையும் சேர்த்து இடித்தேன். வெள்ளை பெயின்ட் தீர்ந்துவிட்டதால் பனி சாம்பல் நிறமானது.

அத்தனை கறுப்பும் காய்வதற்கு நேரம் பிடித்தது. நான் ஹாலுக்குப் போய்ச் சேர்ந்தபோது எங்கள் பிள்ளைகளின் படங்களுக்கான சுவரில் இடமில்லை. எதிர்ச் சுவரில், ஆன்ட்டி கொண்டுவந்த படங்களின் கடைசியில் ஒட்டினார்கள். அங்கே ஒரு ஊஞ்சல், ஒரு ஐஸ்கிரீம் வண்டி, வாசலில் குட்டிக் குட்டிச் செருப்புகள் கிடக்கும் ஒரு மஞ்சள் பள்ளிக்கூடம். எல்லாவற்றிலும் இட்லித் தட்டு அளவுக்குச் சூரியன். அவற்றின் பக்கத்தில் என் படம் ஒரு துக்க வீடு மாதிரி இருந்தது.

எங்களவர்களின் ஏலம் ஒரு தனி வகை. மைக் பிடித்த அங்கிள் படத்தைத் தூக்கிக் காட்டி, யார் பிள்ளை என்று கேட்பார். அந்தப் பிள்ளையின் அப்பா கை தூக்கி ஒரு தொகை சொல்வார். எல்லோரும் கை தட்டுவார்கள். முடிந்தது. அடுத்தவர் பிள்ளையின் படத்துக்கு விலை கேட்பது, பந்தியில் அடுத்தவர் இலையில் கை வைப்பது மாதிரி.

ஆகவே அப்பா வராவிட்டால் படம் போகாது. என் அப்பா வந்திருக்கவில்லை. ஆபீஸில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது என்று காலையில் போனவர், செக் புக்கையும் எடுத்துப் போயிருந்தார்.

“வந்துடுவாருடா. ரூட் எய்ட்டில ட்ராஃபிக்கா இருக்கும். நீ ஒக்காரு, பெஞ்ச ஆட்டாத” என்றாள் அம்மா.

நான் ஆட்டவில்லை. பெஞ்ச் தானாக ஆடியது. ஊரிலேயே விலைபோகாத ஒரே பையன் என்று திங்கட்கிழமை ஸ்கூலில் அறிவிப்பார்கள் என்று நிச்சயமாக நம்பினேன். ஸ்கூலில் தமிழ் தெரிந்தவர்கள் யாரும் இல்லை என்பது உறைக்கவே இல்லை.

அங்கிள் எதிர்ச் சுவருக்கு வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த படங்களும் உண்டு என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். எவை என்று யாரும் காட்டவில்லை.

“இந்த ஊஞ்சல் யாரோடதுங்க? பேரன்ட்ஸ் வந்திருக்காங்களா?”

யாரும் கை தூக்கவில்லை.

“சரி, வரட்டும்” என்று ஓரமாக வைத்தார். ஐஸ்கிரீம் வண்டிக்கும் யாருமில்லை. மஞ்சள் பள்ளிக்கூடத்துக்கும் இல்லை.

“என்னங்க இது. பசங்கள வரையச் சொல்லிட்டு பேரன்ட்ஸே வரலன்னா எப்படி?”

ஹால் சிரித்தது. பின்னால் டீ ஊற்றிக்கொண்டிருந்த ஆன்ட்டி சிரிக்கவில்லை. கப் நிரம்பி மேஜையில் வழிந்தும் பிளாஸ்க்கை நிமிர்த்தாமல் நின்றார்.

அடுத்தது என் படம். அங்கிள் அதைக் கையில் எடுத்ததும் குரல் தணிந்தது.

“இதுதாங்க அங்கேருந்து வந்தது. நான் என்னத்தச் சொல்ல. எந்தக் கொழந்தையோ, எப்படி பயந்து போய் வரைஞ்சுதோ.”

முன்வரிசையில் ஒரு ஆன்ட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். ஒரு டாக்டர் அங்கிள் கை தூக்கினார். வேறொருவர் அதற்கு மேல் கேட்டார். டாக்டர் அதற்கும் மேலே. அன்றைக்கு நடந்த உண்மையான ஏலம் அது ஒன்றுதான். டாக்டர் ஜெயித்தார்.

என் பதற்றம் அப்படியே தலைகீழாகப் புரண்டு ஆனந்தமாகிவிட்டது. மேடைக்கு ஓடினேன்.

“அங்கிள், தட்ஸ் மைன். மண்டே மேத் டெஸ்ட். ஸ்கூல் உடைஞ்சா நோ டெஸ்ட்.”

மைக் அதையும் எல்லோருக்கும் சொன்னது. அங்கிள் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“அப்போ அந்த ஊஞ்சலெல்லாம்?”

ஆன்ட்டி ஈரக் கையைத் துடைத்தபடி முன்னால் வந்தார். “அதுகள்தான் என்ர பிள்ளையள் கீறினது.”

டாக்டர் அங்கிள் செருமிக்கொண்டு, நல்ல காரியத்துக்குத்தானே என்று செக்கைக் கொடுத்தார். படத்தை எடுத்துக்கொள்ளவில்லை. முன்வரிசை ஆன்ட்டி, அந்த ஊஞ்சலை நான் வாங்கிக்கறேனே என்று மெல்லக் கேட்டார்.

“வேண்டாம் அக்கா. இதுகளை நான் திரும்பக் கொண்டுபோறன்.”

எல்லாவற்றையும், என்னுடையதையும் சேர்த்தே சுருட்டினார். ஆட்கள் தேவைக்கு மேல் சத்தமாக நாற்காலிகளை மடக்கினார்கள்.

அந்தப் பணத்தில் கூரை போட்டார்கள். அது மறுபடி விழுந்தது. பிறகு பல வருடம் கழித்து, வேறு ஊர்களில் வேறு பேர் சேர்த்த பணத்தில் மறுபடி போட்டார்கள். போன மாதம் ஆன்ட்டி, தள்ளாத வயதில், அங்கே போயிருந்தார். இப்போது நான் வசிக்கும் சுகர் லேண்டில் கார் ஓட்டிக்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து போன் வந்தது. அந்தப் படங்களையெல்லாம் வகுப்பில் மாட்டியாயிற்றாம், என்னுடையதையும்.

“பிள்ளையள் கேக்குதுகள் தம்பி, பாவம், இது எந்த நாட்டுப் பிள்ளை எண்டு.”

ஃப்ரீவே ஓரத்தில் காரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். வழக்கமான படபடப்புதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அன்றைக்கு ஹாலை விட்டு வெளியே வந்தபோது அப்பாவின் கார் பார்க்கிங்குக்குள் நுழைந்தது. இறங்கும்போதே, சாரிடா, ஒரே ட்ராஃபிக் என்று ஓடிவந்தார். பக்கத்தில் ஆன்ட்டி தன் கார் டிக்கியில் அந்தச் சுருளை வைத்துக்கொண்டிருந்தார்.

நான் பெருந்தன்மையாக இருந்தேன்.

“இட்ஸ் ஓகேப்பா. ஊஞ்சல் போட்ட பையனோட பேரன்ட்ஸும் வரல. யாருமே வரல. அவங்களும் ட்ராஃபிக்கா ஆன்ட்டி?”

அம்மா என் தோளை அழுத்திப் பிடித்தாள். ஆன்ட்டி டிக்கியை மூடிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“ஓம் தம்பி. அங்கயும் பாதை பூட்டிக் கிடக்கு.”

எனக்கு ஆறுதலாக இருந்தது. பாதை திறந்ததும் அவர்களும் வந்து, மூச்சு வாங்க, சாரி சொல்லிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.