கேட்டுவிட்டு ஜெபிக்கவும்

எங்கள் சபையில் யாரையாவது திட்ட வேண்டுமென்றால் நேரில் திட்ட மாட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஜெபத்தில் திட்டுவார்கள். "பத்தாவதோட படிப்பை நிறுத்திட்டு பைக்ல சுத்திக்கிட்டுத் திரியுற ஒரு வாலிபனைச் சந்தியும் ஆண்டவரே" என்று குரல் வந்தால், அது நான்தான். பைக்கில் சும்மா சுற்றவில்லை, வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இதை நேரில் சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். ஜெபத்தில் சொன்னால் ஆமென் மட்டும்தான் சொல்ல முடியும்.

ஹைதராபாத் உப்பலில், கூரை போட்ட ஒரு வீட்டு மாடி. சனிக்கிழமை சாயங்காலம் தமிழ்க்காரர்கள் பாய் விரித்து உட்காருவோம். பாஸ்டர் இருந்தாலும் ஜெபம் நடத்துவது மூப்பர். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். திருநெல்வேலிப் பேச்சு இன்னும் போகவில்லை. சொந்தமில்லை, ஆனாலும் எங்களுக்கெல்லாம் பெரியப்பா. ஆதாமில் தொடங்கி அவர் உப்பல் வந்து சேர்வதற்குள் பாதிப்பேர் தூங்கியிருப்பார்கள்.

என்னைப் பற்றி அவர் ஜெபிக்கும்போது எனக்குச் சிரிப்புத்தான் வரும். அக்காவைப் பற்றி ஜெபிக்கும்போது வராது.

அக்கா புருஷனிடம் அடி வாங்கி, மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டவள். பக்கத்துக் கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலை. வீடு, கம்பெனி, இந்த மாடி. இதைத் தாண்டி அவளுக்குப் போக்கிடம் கிடையாது. இந்த மாடியில்தான் வாய்விட்டுப் பாடுவாள். பாட்டு முடிந்ததும் மூப்பர் ஆரம்பிப்பார்: "பிரிந்துபோன இந்தக் குடும்பத்தைச் சேர்த்து வையும். இந்த மகளின் இருதயக் கடினத்தை உடைத்துப் போடும்." எல்லோரும் ஆமென் சொல்வார்கள். அவளும் சொல்வாள்.

ஒரு சனிக்கிழமை கூட்டம் முடிந்து வண்டியில் வரும்போது பின்னாலிருந்து சொன்னாள்: "இனிமே நான் வரலடா."

"ஏன், பெரியப்பா ஆதாமை விட்டு நகர மாட்டேங்கிறாரா?"

"வாராவாரம் எல்லாருமா சேர்ந்து என்னை அவன்கிட்ட அனுப்பி வைக்கிறாங்க. நானும் ஆமென் சொல்லிட்டு வர்றேன்."

அடுத்து எனக்குக் கிண்டல் வரவில்லை. "இன்னும் கொஞ்ச நாள் பொறு" என்று மட்டும் சொன்னேன். என்ன செய்யப் போகிறேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

அடுத்த வாரம் மூப்பர் புதிதாக ஒன்றைச் சேர்த்தார்: "கண்ணீரோடு காத்திருக்கும் அவள் கணவனை நினைத்தருளும்." அன்றைக்கு மத்தியானம்தான் அந்தக் கணவனை மெட்ரோ ஸ்டேஷன் பக்கம் பார்த்திருந்தேன். மிர்ச்சி பஜ்ஜிக்குக் கூடக் கொஞ்சம் வெங்காயம் போடச் சொல்லிக் கடைக்காரனோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். கண்ணீர் வந்திருந்தால் மிளகாயால்தான். எனக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. தூங்கினவர்கள்கூட எழுந்துவிட்டார்கள்.

பாஸ்டர் கண்ணைத் திறந்தார். "சிரிக்கிறது சுலபம் தம்பி. அடுத்த சனிக்கிழமை நீயே ஜெபம் நடத்து, பார்ப்போம்."

ஓடிவிடுவேன் என்று நினைத்திருப்பார். "ஹவ் பாஸ்டர், நடத்துறேன்" என்று ஹைதராபாத் பாஷையில் சரி சொன்னேன்.

எனக்கு நீளமாக ஜெபிக்க வராது. பரலோகப் பிதாவே, ஸ்தோத்திரம், இதற்குப் பிறகு வார்த்தை கிடைக்காது. அதனால் அந்தச் சனிக்கிழமை ஒரு வேலை செய்தேன். எல்லோரையும் இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே உட்கார வைத்தேன். "எதிர்ல இருக்கிறவங்ககிட்ட என்ன வேணும்னு கேளுங்க. அதை மட்டும் ஜெபிங்க. சொந்தச் சரக்கு சேர்க்கக் கூடாது. தெலுங்கு, ஹிந்தி, எது வருதோ அதுல ஜெபிங்க."

மூப்பரை அக்காவுக்கு எதிரே உட்கார வைத்தது தற்செயல் இல்லை.

"என்னல இது? ஆளாளுக்கு ஆர்டர் எடுக்க இது என்ன ஓட்டலா?" என்றார் மூப்பர்.

"ஓட்டல்லகூடக் கேட்டுட்டுத்தான் பெரியப்பா இட்லி வைக்கிறான்."

யாரோ சிரித்தார்கள். மாடி பேச ஆரம்பித்தது. வந்த நாளிலிருந்து வாய் திறக்காத சாஃப்ட்வேர் தம்பி ஒருத்தர், ஆபீஸில் தன்னிடம் யாருமே பேசுவதில்லை என்று எதிரே இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா மகள் பாஸ்டரின் மனைவியிடம், அதாவது எங்கள் பாஸ்டர் அம்மாவிடம், "ஆன்ட்டி, மேத்ஸ் நக்கோ" என்றாள். பாஸ்டர் அம்மா ஒரு வினாடி யோசித்துவிட்டு, "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்கு மேத்ஸ் வேண்டாமாம், நீரே பார்த்துக்கொள்ளும்" என்று ஜெபித்தார். அன்றைக்கு ஒருவரும் தூங்கவில்லை.

மூப்பர் மட்டும் தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் கேட்டார்: "சரி, சொல்லும்மா. உனக்கு என்ன வேணும்?"

அக்கா பாயைப் பார்த்தாள். பிறகு அவரையே பார்த்துச் சொன்னாள். "அவர்கிட்டத் திரும்பிப் போகாம இருக்க எனக்குத் தைரியம் வேணும் பெரியப்பா."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் பக்கத்துப் பாய்களில் இருந்தவர்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

"இதை எப்படிம்மா நான் ஜெபிப்பேன்? புருஷனும் பொஞ்சாதியும் சேர்ந்திருக்கணும்னுதானே..."

"முடியலன்னா விடுங்க. நானே ஜெபிச்சுக்கிறேன். நீங்க ஆமென் சொல்லுங்க."

ஜெபித்தாள். நாலே வரி. ஆதாமும் இல்லை, ஆபிரகாமும் இல்லை. அடித்தது, பிள்ளை பார்த்தது, பயம், தைரியம். மூப்பர் ஆமென் சொல்லவில்லை. பாஸ்டர் அம்மா சொன்னார். சாஃப்ட்வேர் தம்பியும் சொன்னார். மூப்பர் எழுந்து செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். அக்காவும் பின்னாலேயே வந்தாள்.

"பெரியவரை எல்லார் முன்னாடியும் அவமானப்படுத்திட்ட. மன்னிப்புக் கேளு."

"அன்னைக்குச் சிரிச்சதுக்குக் கேக்குறேன் பாஸ்டர். அக்காவைப் பேச விட்டதுக்குக் கேக்க மாட்டேன்."

"அப்போ இனிமே ஜெபம் நடத்த உன்னைக் கூப்பிட மாட்டேன்."

"நான் எப்போ பாஸ்டர் விண்ணப்பம் போட்டேன்?"

அக்கா என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள். "அவனை எதுக்குக் கேக்குறீங்க? ஜெபிச்சது நான். வர்ற சனிக்கிழமையும் வருவேன். முன்பாயில உட்காருவேன். என்னைத் திருப்பி அனுப்பச் சொல்லி யாராவது ஜெபிச்சா, அது நான் கேட்டதில்லைன்னு அங்கயே சொல்லுவேன்."

பாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய முடியும்? தோளைக் குலுக்கினேன்.

அந்தச் சனிக்கிழமை அக்கா முன்பாயில் உட்கார்ந்தாள். மூப்பரும் வந்திருந்தார், அவரேதான் நடத்தினார். ஆதாம், நோவா, ஆபிரகாம், உப்பல். எல்லோர் கண்ணும் மூடியிருந்தது, என்னுடையதையும் அக்காவுடையதையும் தவிர. அவள் தலை குனியாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குடும்பங்களுக்காக ஜெபிக்கிற இடம் வந்தது. மூப்பர் கொஞ்சம் நிறுத்தி, லேசாகக் கண்ணைத் திறந்து பார்த்தார். பிறகு அவள் பேச்சை எடுக்காமல் தாண்டிப் போய், நல்ல மழையைத் தாரும் ஆண்டவரே என்று ஜெபிக்க ஆரம்பித்தார்.

வெளியே அரை மணி நேரமாக மழை கொட்டிக்கொண்டிருந்தது.