எண்பது ஆடுகளும் ஒரு கழுதையும்

அரசாங்கத் தீவனம் நம்மைக் கெடுத்துவிட்டது என்று ஸாயில் முப்பது வருடமாகச் சொல்லிவருகிறார். மஃப்ரக் நகரத்துக்குக் கிழக்கே, கருங்கல் வெளியில் நிற்கும் அவர் கூடாரத்துக்குக் காபி குடிக்க வந்த எவரும் இதைக் கேட்காமல் போனதில்லை. வானம் கொடுப்பதை ஆடு தின்னவேண்டும். கொடுக்காவிட்டால் இடம் மாறவேண்டும். மானிய பார்லி வரும் நாளில் மட்டும் வரிசையில் முதல் ஆளாக நிற்பார். மற்றவர்கள் கெட்டுப்போவதை யாராவது பார்க்கவேண்டுமல்லவா.

மழையில்லாத மூன்றாவது வருடம் அவர் மந்தை அறுபதாகிவிட்டது. தீவன அட்டையில் நூற்று நாற்பது. கால்நடை டாக்டர் எண்ண வருவதாகத் தகவல். எண்ணிக்கை குறைந்து அட்டை போனால் அந்த அறுபதும் குளிரைத் தாண்டாது. பெரியப்பா மகன் மித்காலிடம் ஒரு நாளைக்கு எண்பது ஆடு கேட்டார். மித்கால் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. விடியும்போதே கழுதையில் ஏறி முன்னால் வந்தார். பின்னால் வந்த எண்பதையும் பட்டியில் அடைத்துவிட்டுப் போனார். ஸாயிலுக்குக் கண் கலங்கியது.

மித்காலின் மந்தையை எண்ணிவிட்டு டாக்டர் இங்கே வந்தார். மித்காலும் கழுதையில் வந்து இறங்கி, காபிக்கு உட்கார்ந்தார். பட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே விட்டு எண்ணினார்கள்.

“நூத்தி நாப்பது. எல்லாம் உங்களுதுதானே, அபூ ஃபவாஸ்?” டாக்டர் ஸாயிலை மூத்த மகன் பெயர் சேர்த்துக் கூப்பிட்டுக் கேட்டார்.

“என் தாடி மேல சத்தியம்.”

“அப்ப உங்களுக்குத் தீவனம் இல்ல. நூறுக்கு மேல இருந்தா சந்தையில வாங்கிக்கணும், புது உத்தரவு. மித்காலுக்கு நாப்பதுதான். அவருக்கு உண்டு.”

மித்கால் காபிக் கிண்ணத்தின் அடியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

“டேய், உத்தரவு தெரிஞ்சுதான் ஓட்டிட்டு வந்தியா?”

“சொந்தக்காரன் கேட்டா காரணமா கேப்பாங்க?”

“டாக்டர், இதுல எண்பது என்னுது இல்ல!”

“இப்பதான தாடியப் புடிச்சீங்க?”

“தாடி கெடக்குது தாடி!”

மித்கால் போதுமென்று கிண்ணத்தை ஆட்டிக் கொடுத்துவிட்டு, வேலை இருப்பதாகச் சொல்லிக் கழுதையில் ஏறினார். கழுதை பத்தடி போயிருக்கும். எண்பது தலைகள் நிமிர்ந்தன. எண்பதும் அதன் பின்னால் நடந்தன.

“சனியனுங்களா, அங்கயே நில்லுங்க!” மித்கால் கழுதையை விரட்டினார். ஆடுகளும் ஓடின.

டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு, ஸாயில் அறுபது, மித்கால் நூற்று இருபது என்று எழுதினார்.

அறுபதும் குளிரைத் தாண்டிவிட்டன. ஸாயில் இப்போதும் காபி ஊற்றியபடி பேசுகிறார். அரசாங்கம் தீவனம் கொடுக்கலாம், தப்பில்லை. நூற்றுக்கு மேல் வைத்திருப்பவனுக்குக் கொடுத்தால்தான் அவன் கெட்டுப்போவான் என்கிறார். மித்கால் எதிரில் இருந்தால் இன்னும் சத்தமாக.