வெறுஞ்சீட்டு

நான் ஒரு இடத்தில் உட்காருகிற பிறவி இல்லை. இப்போதும் அப்படித்தான் என்று வீட்டுக்காரர் சொல்கிறார், அது கிடக்கட்டும். ஆனால் மூன்றாம் வகுப்பு முடிந்த அந்தக் கோடை லீவில் எனக்கு இருந்த தவிப்பு வேறு மாதிரி. அதற்குக் காரணம் என் சித்தி. சரியாகச் சொன்னால், சித்தி படித்த படிப்பு.

அரூரிலிருந்து லீவுக்கு அம்மா, நான், தம்பி மூன்று பேரும் பாப்பாரப்பட்டியில் மாமா வூட்டுக்கு வந்திருந்தோம். சித்தி சேலத்தில் ஹாஸ்டலில் தங்கி சைக்காலஜி படித்தாள். பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கிற படிப்பு என்று ஊரே நினைத்தது. கேட்பவர்களுக்கெல்லாம் விளக்கி விளக்கிச் சலித்துப்போய், ஆமாங்க, உங்களுக்கு ஏதாச்சும் வேணுமா என்று கேட்க ஆரம்பித்திருந்தாள். அது கடைசி வருஷம். ஒரு ஆராய்ச்சி செய்து எழுதிக்கொடுத்தால்தான் பட்டம். ஆவணியில் பென்னாகரத்து மாப்பிள்ளையோடு கல்யாணம் என்று பேசி முடித்தாயிற்று. மாமா கறாரான மனுஷன். கல்யாணத்துக்குள் முடித்தால் பட்டம், இல்லாவிட்டால் படிப்பு அத்தோடு சரி என்று சொல்லிவிட்டார்.

ஆராய்ச்சிக்கு ஆள் வேண்டுமே. தெருப்பிள்ளைகள் நாங்கள் ஒரு பட்டாளமே இருந்தோம். மாமா பட்டுப்புழு வளர்க்கிற கொட்டகை அப்போது புழு இல்லாமல் சுண்ணாம்பு வாசனையோடு காலியாகக் கிடந்தது. அங்கேதான் வேலை. அவரை, துவரை, கொள்ளு மூன்றும் கலந்த தட்டு ஒன்று தருவாள். அதை மூன்று கிண்ணத்தில் பிரித்துப் போட வேண்டும். சித்தி செல்போனில் நேரம் பார்ப்பாள். எதற்கு என்று கேட்டால், சொல்லிட்டா கெட்டுப்போயிடும் கண்ணு என்று சிரிப்பாள்.

முதலில் பிள்ளைகளை இரண்டு கூட்டமாகப் பிரிக்க வேண்டும். அதில் தன் இஷ்டம் துளிகூடக் கலக்கக் கூடாது என்றாள். நாணயம் சுண்டலாமா என்று சில்லறை தேடிக்கொண்டிருந்தபோது அம்மா குறுக்கே வந்தாள். "மனுசரு இஷ்டம் கலக்கக் கூடாதுன்னா மாரியாத்தாகிட்ட உட்டுடு புள்ள" என்றாள்.

எங்கள் குடும்பத்தில், ஏன் அந்தத் தெருவிலேயே, எதையும் அப்படித்தான் தீர்ப்பார்கள். போர்வெல் எங்கே போடுவது, இந்த வரன் ஒத்துவருமா, எல்லாவற்றுக்கும் அம்மன் படத்தின் முன்னால் சீட்டு. மஞ்சள் தடவிய சீட்டு வந்தால் அம்மன் சம்மதம். வெறுஞ்சீட்டு வந்தால் வேண்டாம். சித்தியும் யோசித்துப் பார்த்தாள். யார் கையில் எது வரும் என்று யாருக்கும் தெரியாது, அதுதானே வேண்டும், சீட்டு என்றால் சீட்டுதான் என்று சம்மதித்தாள். அதே வூட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு, வெறுஞ்சீட்டுக்கு ஒரு அர்த்தம் உண்டு என்பது அந்த நேரம் பார்த்து உறைக்கவில்லை. அம்மா பாதிச் சீட்டுகளில் மஞ்சளைக் குழைத்துத் தடவிக் காயவைத்து மடித்தாள்.

தம்பிக்கு மஞ்சள் வந்தது. எனக்கு வெறுஞ்சீட்டு. எதிர்வூட்டு டெய்லர் பாய் மகளுக்கும் வெறுஞ்சீட்டுதான், அவள் அதைச் சுருட்டிக் காது குடைந்துவிட்டுத் தூக்கிப் போட்டாள். என் சீட்டை நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு பொட்டு மஞ்சள்கூட இல்லை.

மறுநாளிலிருந்து கூத்து ஆரம்பித்தது. மூக்கு ஒழுகிக்கொண்டு, அவரைக்கும் துவரைக்கும் தடுமாறுகிற என் தம்பி தட்டை முடித்ததும், "சூப்பர்டா தங்கம், எவ்ளோ நல்லா பண்ணிட்ட" என்பாள் சித்தி. நான் முடித்தால் போனைப் பார்த்து எழுதிக்கொண்டு, சரி, அடுத்து யாரு என்பாள். முகத்தில் ஒன்றும் இருக்காது. இவளா எனக்குத் தலை பின்னிவிட்டுக் கண்ணு கண்ணு என்று கூப்பிட்டவள்? கொட்டகைக்கு வெளியே வந்தால் பழையபடி கொஞ்சத்தான் செய்தாள். ஆனால் எனக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது. அம்மனே வேண்டாம் என்று சொன்ன பிள்ளை, சித்தி மட்டும் என்ன செய்வாள், பாவம், வெளியே நடிக்கிறாள் என்று முடிவுகட்டினேன்.

அப்புறம் எனக்கு எங்கேயும் இருப்புக்கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் எழுந்துவிடுவேன். தெருமுனைக் கோயிலுக்கு ஓடி, கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டு, நான் என்ன தப்பு செய்தேன் என்று அம்மனைக் கேட்டேன். திரும்பி வந்து தம்பியை ஒரு காரணமும் இல்லாமல் கிள்ளினேன். கொட்டகையில் பருப்பைத் தொடவே கை வரவில்லை. என்னைப் போலவே மற்ற வெறுஞ்சீட்டுக்காரர்களும் கொள்ளு மணிகளை உருட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார்கள். டெய்லர் பாய் மகள் மட்டும் பாட்டுப் பாடிக்கொண்டே மஞ்சள்காரர்களுக்குச் சமமாகப் பிரித்துத் தள்ளினாள்.

மஞ்சள் கூட்டத்தைப் பாராட்டுவது, எங்களைப் பாராட்டாமல் விடுவது, பாராட்டினால் பிள்ளைகள் இன்னும் வேகமாகச் செய்வார்களா என்பதுதான் சித்தியின் கேள்வி. அது எனக்குத் தெரிந்தது ரொம்ப வருஷம் கழித்து. கடைசி நாள் கணக்குப் பார்த்தபோது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை, அவ்வளவு பெரிய வித்தியாசம். ஆனால் பாராட்டே இல்லாமல் வேகமாகச் செய்த பாய் மகள் ஒருத்தி மட்டும் உறுத்தியிருக்கிறாள். என்னைக் கூப்பிட்டு, நீ ஏன் வரவர மெதுவாகச் செய்தாய் என்று கேட்டாள்.

அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது. "மாரியாத்தாவே என்ன வேண்டாம்னு சொல்லிருச்சு. அப்பறம் நான் வேகமா பண்ணி யாருக்கு என்னங்க சித்தி? பாய் வூட்டுப் பொண்ணுக்கு அது வெறும் காயிதம், அவ பண்றா" என்று கத்தி அழுதேன்.

சித்தி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பிறகு மற்ற வெறுஞ்சீட்டுப் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டுக் கேட்டாள். பாய் மகளைத் தவிர எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். திரும்பி வந்து என் முகத்தைத் துடைத்து, மடியில் இழுத்துக்கொண்டாள்.

"நல்லா சொன்ன கண்ணு. நீ சொல்லலன்னா இது எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

அவ்வளவுதான், எனக்குக் கிடைத்துவிட்டது! தெருவில் ஒரு வூடு விடாமல் ஓடினேன். சித்தி என்னைப் பாராட்டிட்டாங்க என்று சொல்லாத ஆள் இல்லை, டெய்லர் பாயின் மிஷினை நிறுத்தச் சொல்லி அவரிடமும் சொன்னேன். திரும்பி வந்தபோது கூடத்தில் மாமாவின் குரல் உயர்ந்திருந்தது. சின்னப் பசங்க சொன்னது காலேஜுக்குத் தெரியவா போகுது, எழுதிக் குடுத்துட்டு வா, இல்லாட்டி ஆவணியோட சரி என்றார்.

சித்தி நிதானமாகத்தான் பேசினாள். "நான் பாக்க வந்தது பாராட்டு வேலை செய்யுதான்னுங்கண்ணா. இங்க வேலை செஞ்சது மஞ்சளு. அத எப்படிங்க மாத்தி எழுதறது?"

அப்புறம் அவளே கல்லூரி மேடத்துக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். வேறு பிள்ளைகளை வைத்து முதலிலிருந்து செய், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அங்கிருந்து பதில் வந்தது. மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். சித்தி மூன்று பருப்பையும் ஒரே டப்பாவில் கொட்டி மூடினாள். அம்மா ஒரு மூலையில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவர்கள் மேல் கோபம்தான் வந்தது. பிள்ளைக்கு இவ்வளவு நல்லது நடந்திருக்கிறது, ஒருத்தர் முகத்திலும் சிரிப்பில்லை.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. நான் புதுப் பாவாடையில் மண்டபம் முழுக்க ஓடினேன். தாலி கட்டும்போது கூட்டத்தில் புகுந்து மேடையோரம் போய் நின்றேன். குனிந்திருந்த சித்தியின் கழுத்தில் மஞ்சள் கயிறு ஏறியது. சித்திக்கும் மஞ்சள் வந்துவிட்டது என்று தம்பியிடம் சொல்லிக் கை தட்டினேன்.