தியானத்துக்கு முன் ஒரு குளிசை

சென்ற மாதம் கிளினிக்கில் டொக்டர் பிள்ளை என் தலையில் ஒரு குண்டைப் போட்டார். "அம்மா, நாலு வருசமாய் நீங்கள் நோவுக்குப் போடுற குளிசை அபின் சாதி. இனி மெல்ல மெல்லக் குறைக்கவேணும்."

அபினா? வெள்ளிக்கிழமை மீன் மச்சம் தொடாத நானா? நெல் மூட்டை தூக்கி முதுகு போனதற்கு ஆஸ்பத்திரி தந்த குளிசை. நானென்ன கண்டேன்?

என் வீட்டுக்காரருக்கு அன்று திருவிழாதான். "நான் கள்ளுக் குடிச்சால் வெறி. நீர் விழுங்கினால் வைத்தியமோ?"

டொக்டர் ஒரு வழியும் சொன்னார். தண்ணீரூற்று ஊர் மண்டபத்தில், வியாழன்தோறும், பெண்களுக்கு ஒரு மணித்தியாலத் தியான வகுப்பு. முதுகுவலியைத் தாங்கப் பழக்குமாம், குளிசை குறையுமாம்.

போனோம், ஒன்பது பேர். எல்லோருக்கும் முதுகுவலி, எல்லோரிடமும் அதே குளிசை. பாய் விரித்திருந்தது. சுவாமி இல்லாமல் என்ன தியானம்? நான் முன்சுவரில் பிள்ளையார் படத்தை மாட்டினேன். கடற்கரைப் பக்கத்து ரெஜினா அக்கா விடுவாரா? பின்சுவரில் மாதா படத்தை மாட்டினார்.

பயிற்சி தர வந்த தம்பிக்கு வெள்ளை உடுப்பு, பூனைக்குரல். "இருக்க ஏலாட்டில் படுங்கோ அம்மா," என்றார். படுப்பதா? காலைப் பிள்ளையாருக்கு நீட்டுவதா, மாதாவுக்கு நீட்டுவதா? பக்கவாட்டில் நீட்டினால் பக்கத்து ஆளின் முகம்! படித்த பிள்ளை, தெரியாமல் சொல்கிறார் என்று மன்னித்து, எல்லோரும் சப்பாணி கட்டி உட்கார்ந்தோம்.

"வலியோடை சண்டை பிடிக்காதேங்கோ. வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரிப் பாருங்கோ."

"விருந்தாளி எண்டால் வெளிக்கிடவேணுமே தம்பி," என்றார் ரெஜினா அக்கா. "இது வந்து குந்தியெல்லோ இருக்கு!"

பத்து நிமிடத்தில் இடுப்பு எரிந்தது. அடுத்த வியாழன் புறப்படுமுன் ஒரு குளிசை கூடுதலாகப் போட்டேன். பிறகென்ன... கல்லுப்போல இருந்தேன். மற்றவர்களும் அப்படியே. தம்பிக்குப் புல்லரித்துவிட்டது — "என்ன ஒரு அமைதி!" வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்டார். "ரெண்டு," என்றேன். சந்தோஷமாக எழுதினார்.

வெளியே குழாயடியில் ரெஜினா அக்கா காதுக்குள் கேட்டார்: "எத்தினை போட்டுட்டு வந்தனீர்?"

"ஒண்டு, அக்கா."

"நான் ரெண்டு. எனக்குப் பக்தி கூட!"

சிரித்தோம். அந்தச் சிரிப்பு இந்தச் செவ்வாய் வரைதான். கிளினிக்கில் டொக்டர் பிள்ளை, தம்பி அனுப்பிய தாளைப் பார்த்தார். "பத்துக்கு ரெண்டு! கெட்டிக்காரி அம்மா. அப்ப இண்டைக்கே குளிசையைப் பாதியாக்குவம்."

பாதியா? கிணற்றடியில் எப்படிக் குனிவேன்? பொய்யைக் காப்பாற்றினால் வலியில் சாகவேண்டும், உண்மையைச் சொன்னால் வெட்கத்தில். வெட்கமே பரவாயில்லை என்று வாயைத் திறந்தேன்.

"டொக்டர்... அந்த வகுப்பிலை இருக்கிறதுக்கெண்டே ஒரு குளிசை கூடப் போட்டனான்."

பேனையைக் கீழே வைத்தார். "குளிசையைக் குறைக்கிற வகுப்புக்குக் குளிசையோ! படுத்திருந்து செய்யலாமே அம்மா?"

படங்களின் கதையைச் சொன்னேன்.

"அப்ப ரெண்டு படத்தையும் ஒரே சுவரிலை மாட்டுங்கோவன்!"

எட்டாம் வகுப்போடு நின்ற எனக்குத் தோன்றவில்லை, சரி. வெள்ளை உடுப்புத் தம்பிக்குமா?

குளிசையை உடனே பாதியாக்கவில்லை. "கூடப் போடாமல் ரெண்டு கிழமை இருங்கோ. பிறகு கொஞ்சம் கொஞ்சமாய்க் குறைப்பம்," என்றார்.

வியாழன் பிள்ளையாரும் மாதாவும் பக்கத்தில் பக்கத்தில். தலை அவர்கள் பக்கம், கால் வாசல் பக்கம். கூடுதல் குளிசை இல்லாமல் படுத்தேன். வலி வந்தது. பார்த்தேன். போகவில்லை... ஆனால் என்னை எழுப்பி உட்கார்த்தவும் இல்லை. ரெஜினா அக்கா குறட்டை விட்டார்.

"பத்துக்கு எத்தினை அம்மா?"

"ஏழு."

தம்பியின் முகம் வாடிவிட்டது. நான் எழும்பி, அந்தப் பொய்க்குப் பிறகு முதல் தடவையாக, பிள்ளையாரின் முகத்தை நேரே பார்த்தேன்.