அஞ்சு வருஷம் கழிஞ்சா

என் வயிறு இப்போது நெஞ்சுக்குள் இருக்கிறது. உணவுக்குழலில் புற்றுநோய் வந்து, திருவனந்தபுரத்துப் பெரிய ஆசுபத்திரியில் அந்தக் குழலை வெட்டி எடுத்துவிட்டார்கள். இரைப்பையைக் குழாய்போல நீட்டி மேலே இழுத்து, கழுத்துக்குக் கீழே சேர்த்துத் தைத்தார்கள். ஒரு தடவைக்கு அரைக் கிண்ணம் கஞ்சிக்கு மேல் இறங்காது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஏதாவது உள்ளே போக வேண்டும். மல்லாந்து படுத்தால் கசப்பாக ஒரு தண்ணீர் தொண்டைக்கு ஏறும். குனிந்தாலும் அப்படித்தான். குரலும் பாதி போய்விட்டது. அது மட்டும் எனக்குப் பெரிய நஷ்டமில்லை, முன்பும் அதிகம் பேசினவனில்லை.

ஐந்து வருடமாகச் சாய்வு நாற்காலியில்தான் தூங்குகிறேன். என் மனைவி அதன் காலடியில் பழைய சேலையை விரித்துப் படுப்பாள். ஆசுபத்திரியிலிருந்து வந்த வருடம் பூதப்பாண்டித் தேரோட்டத்துக்குப் போனவள், இரண்டு பேர் படுக்கிற அகலத்தில் ஒரு பாய் வாங்கி வந்தாள். அதை விரிக்கவில்லை. சுருட்டி, கயிறு கட்டி, பரணில் ஏற்றினாள்.

"அஞ்சு வருஷம் கழியட்டும். பெறவு விரிக்கலாம்" என்றாள்.

அந்த ஐந்து வருடக் கணக்கு டாக்டரம்மா சொன்னது. ஆசுபத்திரியிலிருந்து எங்களை அனுப்புகிற அன்று, ஐந்து வருடம் கழிந்துவிட்டால் பிறகு பயமில்லை என்று சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் தலையை ஆட்டினோம். நான் ஐந்தாம் வகுப்பு, அவள் அதுவும் இல்லை. டாக்டரிடம் திருப்பிக் கேட்கிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது.

அவள் அதை எப்படிப் புரிந்துகொண்டாள் என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் தொழிலைச் சொல்ல வேண்டும். கீரிப்பாறைக்குப் போகிற வழியில் ஒருவருடைய தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டுவது என் வேலை. மரத்தின் ஒரு பக்கப் பட்டையைத் தினமும் ஒரு நூல் அளவுக்குச் சீவிக்கொண்டே கீழே இறங்குவோம். அந்தப் பக்கம் தீர ஐந்தாறு வருடம் ஆகும். பிறகு மறுபக்கம். மறுபக்கம் வெட்டி முடிப்பதற்குள் முதல் பக்கத்தில் புதுப்பட்டை வளர்ந்திருக்கும். அதில் மறுபடி கத்தி வைக்கலாம், பழையபடி பால் வரும்.

எனக்கு நோய் வந்தபோது நான் முதல் பக்கத்தை முடித்திருந்தேன். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. "மனுசனுக்கும் அதே கணக்குதான். வெட்டுன எடம் அஞ்சு வருஷத்துல வளந்துரும். வயிறு கீழ எறங்கி, பழைய எடத்துல உக்காந்துக்கிடும்" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் அப்படித்தான் நம்பினேன். அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

எட்டாவது மாதம் தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தேன். மூன்றாவது மரத்தில் குனிந்தபோது கசப்புத் தண்ணீர் ஏறி, மூச்சு அடைத்து, மரத்தைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் அவள் ஒரு புதுக்கத்தி வாங்கி வந்தாள். என் கத்தியைத் துடைத்து, எண்ணெய் போட்டு, துணியில் சுற்றிப் பாயோடு பரணில் வைத்தாள். அந்தக் கத்தியின் பிடி என் கைக்குத் தேய்ந்து, என் விரல்கள் பதிகிற இடங்களில் பள்ளம் விழுந்திருந்தது.

"நீங்க திரும்பி வாறது வரை மறுபக்கத்த நான் வெட்டுதேன். நின்னு சொல்லித் தந்தா போதும்."

நான் பின்னால் நின்று சொல்வேன். ஆழமாகப் போகாதே, பட்டைக்கு உள்ளே தடியில் பட்டால் மரத்துக்குக் காயம். சாய்வைக் கெடுக்காதே. எல்லாரும் விடியுமுன் வெட்டுவார்கள். இருட்டில் காட்டுப்பன்றிக்குப் பயந்து அவள் விடிந்த பிறகுதான் போனாள். வெயில் ஏறினதால் பால் குறைந்தது. தோட்டக்காரர் முகத்தைச் சுளித்தார். ஆனாலும் விட்டுவைத்தார். ஒரு வருடத்துக்குள் அவள் என்னைவிடச் சுத்தமாக வெட்டப் பழகிவிட்டாள். வெட்டி, பால் எடுத்து, கட்டியாக உறைய ஊற்றி, ரப்பர் ஷீட்டாக அடித்து, வீட்டுக்கு வந்து எனக்குக் கஞ்சி கரைத்துக் கொடுத்து, அவளும் அதையே குடிப்பாள். நான் சாப்பிட முடியாத எதையும் என் முன்னால் அவள் சாப்பிட்டதில்லை. மீன் கொண்டு வருகிறவள் எங்கள் வீட்டு வாசலில் கூவுவதையே நிறுத்திவிட்டாள்.

இரண்டாம் வருடப் பரிசோதனைக்குப் போனபோது எனக்கு உண்மை தெரிந்தது.

அவள் மருந்துக்கு வரிசையில் நின்றாள். நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் பூதப்பாண்டிப் பக்கத்து ஆள் ஒருவர், ஓய்வுபெற்ற வாத்தியார். மடியில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா, அதில் இட்லியை எட்டாக வெட்டி வைத்திருந்தார். அதைப் பார்த்ததுமே இவருக்கும் நம்முடைய ஆபரேஷன்தான் என்று தெரிந்துவிட்டது. என் கழுத்துத் தழும்பை அவரும் பார்த்தார்.

"எத்தன வருஷமாச்சு மக்கா?"

"ரெண்டு."

"எனக்கு ஏழு."

நான் டப்பாவைப் பார்த்தேன். "ஏழுக்குப் பெறவும் இப்படியா? அஞ்சு கழிஞ்சா வயிறு எறங்கி எல்லாம் செரியாயிரும்னு..."

"ஆரு சொன்னா?"

"வீட்டுல."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, கண்ணில் தண்ணீர் வந்து, துண்டால் துடைத்துக்கொண்டார். "அஞ்சு கழிஞ்சா தீனம் திரும்ப வராதுன்னு ஒரு நம்பிக்க, அவ்வளவுதான். வயிறு எங்கப்பா எறங்கும்? தச்சு வச்சது தச்ச எடத்துலதான் கெடக்கும், சாகுறது வரை. போயி வீட்டுல சொல்லிரு."

"சொல்லணும்" என்றேன்.

அவள் மருந்துப் பையோடு வந்தாள். "அவரு யாரு? என்ன சொன்னாரு?"

"தெரியாது. ஊரு கேட்டாரு."

பஸ்ஸில் சொல்லியிருக்கலாம். மார்த்தாண்டம் தாண்டட்டும் என்று நினைத்தேன், தாண்டியது. வீட்டில் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். வீட்டில் அவள் வேலையாக இருந்தாள். எனக்கு எப்போதுமே இப்படித்தான், சொல்ல வேண்டியதை வாய்க்குள் வைத்துக்கொண்டே நின்றுவிடுவேன். ஆனால் இதைக் கூச்சம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அந்த ஐந்து வருடக் கணக்கைப் பிடித்துக்கொண்டுதான் அவள் தினமும் அந்தச் சரிவில் ஏறினாள். அதை எடுத்துவிட்டால் ஏறுவாளா என்று பயந்தேன். ஏறாவிட்டால் எனக்குக் கஞ்சி இல்லை. இதுதான் உண்மை.

ஒரு மழைக்காலத்தில் அவள் பால்வாளியோடு சரிவில் வழுக்கி விழுந்தாள். முழங்கால் வீங்கிவிட்டது. சாயங்காலம் நான் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னும் ஒண்ணேகால் வருஷந்தானே" என்றாள். "அது வரை இந்தக் காலு தாங்கும்."

"ஆமா" என்றேன்.

ஐந்தாம் வருடப் பரிசோதனை வந்தது. படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா கூப்பிட்டார். அன்று அவள் கல்யாணத்துக்குப் போவதுபோல நல்ல சேலை கட்டியிருந்தாள். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மலையாளம் கலந்த தமிழில், நோயின் அடையாளமே இல்லை, இனி வருடத்துக்கு ஒரு முறை வந்தால் போதும் என்றார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குக் கையை எப்போது எடுப்பது என்று தெரியவில்லை.

அவள் கும்பிட்டாள். பிறகு கேட்டாள்: "அம்மா, அப்ப வயிறு எப்ப எறங்கும்?"

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. அவள் தன் நெஞ்சைத் தொட்டு, வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். "இஞ்ச இருந்து இஞ்ச."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அதை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். ஒரு தாளை எடுத்துப் படம் வரைந்து, மெதுவாகச் சொன்னார். இறங்காது. படுக்கையும் சாப்பாடும் இப்படியேதான். பாரமான வேலை வேண்டாம். உயிர் இருக்கிறதே, அது எவ்வளவு பெரிய காரியம் என்றார். அவள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தரையைப் பார்த்தேன். நான் ஆச்சரியப்படவில்லை என்பதை அவள் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

பஸ்ஸில் இரண்டு மணி நேரம் ஆனதும் பையிலிருந்து டப்பாவை எடுத்து என் மடியில் வைத்தாள். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தால் முற்றத்தில் ஏழெட்டுப் பேர். வளைகுடாவிலிருந்து லீவில் வந்திருந்த அவள் தம்பி, நாகர்கோவிலில் சொல்லி ஒரு கேக் செய்துகொண்டு வந்திருந்தான். அதன் மேல் ஐந்து என்ற எண் வடிவத்தில் ஒரு மெழுகுதிரி.

"வாங்க அத்தான், வந்து ஊதுங்க. அஞ்சு வயசுப் பிள்ளையாட்டும் வெக்கப்படுதியளே."

பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்: "இனி அண்ணன் கத்தியத் தூக்கிட்டுப் போவாரு. இவ காலு மேல காலு போட்டுக்கிட்டு நம்மகிட்ட வேலை சொல்லுவா பாரு."

எல்லாரும் சிரித்தார்கள். நான் ஊதினேன். என் மூச்சுக்குச் சுடர் கொஞ்சம் சாய்ந்து மறுபடி நிமிர்ந்தது. இரண்டாம் தடவையும் அப்படியே. அவள் முன்னால் வந்து குனிந்து, ஒரே ஊதில் அணைத்தாள்.

மச்சினன் ஒரு துண்டை என் வாய்க்கு நீட்டினான். "அவருக்கு இனிப்பு ஆவாது" என்றாள்.

"ஒரு நாளைக்கு என்ன அக்கா? அஞ்சு வருஷந்தான் கழிஞ்சாச்சே."

"கழிஞ்சா என்ன?" என்றாள் அவள். அதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

நீட்டின கையைத் திருப்பி அனுப்ப எனக்கு வாய் வரவில்லை. தின்றேன். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்து, உடம்பெல்லாம் வியர்த்து, கண் இருண்டது. இனிப்பு வேகமாக இறங்கினால் எனக்கு இப்படி வரும். யாருக்கும் தெரியாமல் பின்பக்கம் போய்த் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தேன். அவள் வந்து ஈரத்துண்டால் என் முகத்தைத் துடைத்தாள்.

"ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டாம் வருஷம். அன்னைக்கு ஆசுபத்திரியில பக்கத்துல இருந்தாரே, அவரு சொன்னாரு."

துண்டைப் பிழிந்தாள். "அப்ப நான் வழுக்கி விழுந்தனே, அன்னைக்கும் தெரியும்."

"தெரியும்."

"ஆமான்னு சொன்னியளே."

முற்றத்திலிருந்து தம்பி கூப்பிட்டான். "வாறேன் மக்களே" என்று குரல் கொடுத்துவிட்டுப் போனாள். எல்லாருக்கும் கேக் வெட்டிக் கொடுத்தாள். தட்டுகளைக் கழுவினாள்.

அந்தக் கல்லில் உட்கார்ந்து நான் நினைத்ததை எழுதிவிடுகிறேன். இரண்டாம் வருடமே நான் செத்துப் போயிருந்தால் அவள் அழுது முடித்திருப்பாள். கட்டிக்கொடுத்த எங்கள் மகள் வீட்டுக்குப் போய்ப் பேரப்பிள்ளைகளோடு இருந்திருப்பாள். இஷ்டப்பட்ட மீனை வாங்கித் தின்றிருப்பாள். என்னைப் பிழைக்க வைத்தவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. பிழைத்த நான் அவளுக்கு என்னவாக இருக்கிறேன் என்று பார்க்கும்போதுதான் தாங்கவில்லை. இப்போதும் பல நாள் காலையில் முதலில் வருகிற நினைப்பு அதுதான்.

நான்கைந்து நாள் அவள் என்னிடம் பேசவில்லை. கஞ்சி மட்டும் நேரத்துக்கு வந்தது. பிறகு ஒரு நாள் பரணில் ஏறிப் பாயை இறக்கினாள். கயிற்றை அவிழ்த்து, நாற்காலியின் காலடியில் விரித்தாள். சுருண்டே கிடந்த பாய் நேராகப் படியவில்லை. நான்கு மூலையிலும் செங்கல் வைத்தாள்.

"வச்சிருந்தா பூச்சி அரிச்சிரும்" என்றாள்.

அன்றிலிருந்து அதில் படுக்கிறாள். ஓர் ஓரமாகத்தான் படுக்கிறாள். மற்றப் பாதி அப்படியே கிடக்கிறது. நாற்காலியிலிருந்து பார்த்தால் எனக்குத் தெரியும்.

அந்த மாதமே மரங்களின் மறுபக்கம் முடிந்தது. தோட்டக்காரர் பழைய பக்கத்துப் புதுப்பட்டையில் தொடங்கச் சொன்னார். விடிந்ததும் அவள் புறப்பட்டாள். கையில் இருந்தது என்னுடைய கத்தி.

"எனக்க கத்தி தேஞ்சு போச்சு" என்றாள். நானும் பின்னால் போனேன்.

முதல் மரத்தில் கத்தியை வைத்தாள். பிடி அவள் கைக்குச் சேரவில்லை. என் விரல்களுக்கு விழுந்த பள்ளம் அவள் விரல்களுக்கு எட்டவில்லை. இரண்டு தடவை மாற்றிப் பிடித்துப் பார்த்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துணியைக் கிழித்துப் பிடியில் சுற்றினாள். சீவிக்கொண்டு வந்தவள் பாதியில் நிறுத்தினாள். புதுப்பட்டையில் ஒரு முண்டு கத்தியைத் தடுத்தது. எப்போதோ ஒரு நாள் நான் ஆழமாக வெட்டித் தடியில் காயம் போட்ட இடம். பட்டை வளர்ந்திருந்தது. ஆனால் காயத்தின் மேல் கட்டிபோல வீங்கி வளர்ந்திருந்தது. அவள் அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"இஞ்ச காயம் போட்டிருக்கியளே" என்றாள்.

"அன்னைக்கு மழையா இருந்துது" என்றேன்.

அவள் அந்த முண்டுக்கு மேலே கத்தியைத் தூக்கி, அதைத் தாண்டி வைத்து, மீதியைச் சீவினாள். சீவினதுமே பால் வந்தது. முண்டு இருந்த இடத்தில் வழி தப்பிப் பட்டையில் ஒழுகியது. அதை விரலால், கீழே பால் பிடிக்கக் கட்டியிருந்த சிரட்டைக்குத் திருப்பிவிட்டாள். கஞ்சி டப்பாவை என்னிடம் தந்து, கீழேயே பாறையில் உட்காரச் சொன்னாள்.

"வெயிலு வரும்போது ரெண்டு வாய் குடிங்க. நான் மேல போயிட்டு வாறேன்."

அந்த முழங்காலைக் கையால் ஊன்றிக்கொண்டு சரிவில் ஏறினாள். இன்னும் எத்தனை வருடம் என்று இந்தத் தடவை அவள் சொல்லவில்லை.