ஆர்டித்தின் மணற்குழி

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநில மணற்குன்றுகளில் மாடு வளர்ப்பவர்களுக்கு, காற்று புல்லைப் பெயர்த்துக் குடைந்த மணற்குழி ஒரு மானக்கேடு. ஆர்டித் செட்லாக்கின் மேய்ச்சல் நிலத்தில் அப்படி ஒன்று முப்பது வருடமாக வாய் பிளந்து கிடந்தது. அதை மூடப் பழைய டயர்களைப் போட்டாள், மக்கிய புல்கட்டுகளைக் கொட்டினாள்; முதுகு போனதுதான் மிச்சம். பக்கத்து நிலத்து டெல்மர் பார்க்கும்போதெல்லாம், "உன் கடற்கரை எப்படி இருக்கு ஆர்டித்? குளிக்க வரலாமா?" என்று வேலிக்கு அப்பாலிருந்து கேட்பான்.

இந்த ஜூனிலும் வண்டி நிறையப் புல்கட்டோடு போனாள். செடிகளைப் பார்க்க வேண்டும் என்று முந்தின நாள் அனுமதி கேட்டிருந்த ஆராய்ச்சிக்காரப் பெண், குழிக்குள் மண்டியிட்டிருந்தாள். அவள் முன்னால் ஒரு முழ உயரத்தில் வெளிர் ஊதாப் பூக்கள்.

"கொட்டிடாதீங்கம்மா. இந்த அபூர்வப் பூ காத்துல ஓடுற மணல்லதான் முளைக்கும், புல் மூடினா போயிடும். அக்கம்பக்கத்துல எல்லாரும் குழியை மூடிட்டாங்க. நீங்க மட்டும் இதை எப்படிக் காப்பாத்தினீங்க?"

"நான் எங்க காப்பாத்தினேன். மூட முடியாமத் தோத்துட்டேன்."

பாதி புதைந்த டயர் ஒன்றின் மேல் ஆர்டித் உட்கார்ந்தாள். வருடா வருடம் அந்தப் பூவை மிதித்துக்கொண்டுதான் அவள் டயர் உருட்டியிருக்கிறாள்.

"ஏம்மா, என் முதுகு நல்லா இருந்தப்பவே வந்து இதைச் சொல்லியிருக்கக் கூடாதா?"