புதன்கிழமைக் கைதட்டல்

சேவை சங்கத்துக்குச் செயலாளராக இருப்பவனின் தொழில் சேவை அல்ல, போன் போடுவது. தூத்துக்குடியில் படகுக்குப் பெயிண்ட் விற்கும் கடை வைத்திருக்கிறேன். மற்ற நாளெல்லாம் பெயிண்ட் விற்பேன். புதன்கிழமை வந்தால் அதே பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்துகொண்டு உறுப்பினர்களைக் கெஞ்சுவேன். உங்கள் ஊரிலும் இப்படி ஒரு சங்கம் இருக்கும், அதில் என்னைப்போல ஏமாந்த ஒருவர் செயலாளராக மாட்டியிருப்பார். இதை அவருக்காகத்தான் எழுதுகிறேன்.

வந்துகொண்டே இருப்பவர்கள்

லாட்ஜ் மாடியில் இரவு ஏழு மணிக்குக் கூட்டம். கூடம் நிறைய நாற்காலி போடுவோம், எட்டுப் பேர் வருவோம். எங்கள் தலைவர் பர்னாந்து அண்ணாச்சி ஐஸ் பேக்டரி வைத்திருப்பவர், நல்ல மனிதர். ஆனால் காலி நாற்காலியைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. அதனால் கூடம் நிறைந்த சத்தமாவது கேட்கட்டும் என்று ஒரு சட்டம் போட்டார். அவர் தூக்கிய கையை இறக்கும்வரை யாரும் கைதட்டலை நிறுத்தக் கூடாது, மேசையையும் சேர்த்துத் தட்டலாம். வரவேற்புரைக்கும் தட்ட வேண்டும், நன்றியுரைக்கும் தட்ட வேண்டும், டீ வந்தாலும் தட்ட வேண்டும். வியாழக்கிழமை காலையில் எனக்குப் பெயிண்ட் டப்பா மூடியைத் திறக்கக் கை வராது.

வராதவர்களுக்கு ஏழேகாலுக்கு மறுபடி போன் போடுவேன். ஒரு மூத்த உறுப்பினர், பாதி வழிக்கு வந்துவிட்டதாகச் சொன்னார். அவர் பேசும்போதே பின்னால் குக்கர் விசில் அடித்தது. "என்ன அண்ணாச்சி சத்தம்?" என்றேன். அவர் அசரவே இல்லை.

"ஹார்பர்ல கப்பல் ஊதுதுலே. நீ கூட்டத்த முடிச்சிராத, வந்துகிட்டேதான் இருக்கேன்."

இரவு ஏழு மணிக்குக் கறுப்புக் கண்ணாடி

எங்கள் சங்கத்தில் எந்த நல்ல காரியமும் பேனரில்தான் தொடங்கும். உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களுக்குக் கறுப்புக் கண்ணாடி கொடுப்பதென்று போன வருஷம் முடிவானது. நல்ல யோசனைதான். வெயிலில் உப்பு அடிக்கிற வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்தே அங்கே பலருக்குக் கண் கெட்டுப்போகிறது. ஆனால் நாங்கள் கொடுத்தது மழைக்காலத்தில், உப்பளமெல்லாம் மூடிக் கிடந்தபோது, அதுவும் இரவு ஏழு மணிக்கு. ஏன் என்று கேட்டதற்கு, "வேலை நடக்கையில போட்டோவுக்கு யாருலே வருவா?" என்றார் தலைவர்.

வந்த பெண்களை வரிசையாக நிறுத்திக் கண்ணாடியை மாட்டச் சொன்னோம். அந்த டியூப் லைட் வெளிச்சத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டால் என்ன தெரியும்? ஒருவர் நாற்காலியில் இடித்துக்கொண்டார். இன்னொருவர் தலைவரென்று நினைத்து பேனர் கட்டிய கம்பத்தைக் கும்பிட்டார். பாப்பம்மாள் என்ற அம்மா மட்டும் கண்ணாடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். போட்டோ கெட்டுவிடுமே என்று தலைவர் பதறினார். "போட்டுக்கோங்கம்மா" என்று நான் காதருகே போய்ச் சொன்னேன்.

"போட்டாலும் இருட்டுத்தான், போடாட்டியும் இருட்டுத்தான்யா எனக்கு."

பொன்னாடை

பாப்பம்மாளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. உப்பைச் சுமந்துகொண்டு வரப்பில் நடக்கும்போது இரண்டு தடவை விழுந்திருக்கிறார். தை மாதம் வேலை தொடங்கும்போது கண் தெரியாவிட்டால் ஆளை மாற்றிவிடுவேன் என்று கங்காணி சொல்லியிருந்தார். அந்த வேலையை விட்டால் பாப்பம்மாளுக்கு வேறு பிழைப்பு கிடையாது. இதையெல்லாம் கேட்டதும் பர்னாந்து அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆப்பரேஷனைச் சங்கமே செய்யும் என்று அந்த இடத்திலேயே மைக்கில் அறிவித்தார். தூக்கிய கையை அவர் இறக்கவே மறந்துவிட்டதால் வெகுநேரம் தட்டினோம்.

அப்புறம்தான் வினை. அறிவித்தது திட்டம் ஆகிவிட்டது, திட்டம் என்றால் தொடக்க விழா வேண்டும், தொடக்க விழா என்றால் சிறப்பு விருந்தினர் வேண்டும். விருந்தினருக்கு ஒரு வாரம் அவசரக் கூட்டம், அடுத்த வாரம் மச்சினன் வீட்டுக் கல்யாணம், அதற்கடுத்த வாரம் மழை. பாப்பம்மாள் மட்டும் மகள் கையைப் பிடித்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் வாராவாரம் தவறாமல் வந்தார். மேடையில் உட்கார்ந்தவருக்குப் பொன்னாடை போர்த்துவது எங்கள் வழக்கம். போர்த்தினோம், தட்டினோம், அடுத்த வாரம் வரச் சொன்னோம். மூன்றாவது பொன்னாடையைப் போர்த்தியபோது, அந்தப் புழுக்கத்தில் அவர் நெற்றியெல்லாம் வியர்வை. தலைவர் இருந்த பக்கமாகத் திரும்பி மெதுவாகச் சொன்னார்.

"ஐயா, எனக்குக் கண்ணுதான் தெரியல. குளிரல்லாம் அடிக்கல."

விழா இல்லாத செவ்வாய்

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் பாப்பம்மாளின் மகள் என் கடைக்கு வந்து நின்றாள். "ஆப்பரேஷன் முடிஞ்சு ஒரு மாசம் உப்புத்தண்ணியில இறங்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லுதாரு அண்ணாச்சி. தை பொறக்க அம்புட்டு நாளுதான் இருக்கு. நாளைக்கும் பொன்னாடைதானா?" என்றாள். நான் டப்பாக்களை அடுக்குவதுபோல் திரும்பிக்கொண்டேன். நல்லவேளை, எங்கள் பொருளாளர் சாகுல் காக்கா பெயிண்ட் வாங்கக் கடைக்கு வந்திருந்தார். காயல்பட்டினத்துக்காரர், அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். அதிகம் பேசமாட்டார். கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, "அம்மாவக் கூட்டிட்டு வா, கார் நிக்கிது" என்றார்.

தலைவருக்குத் தெரியாமல் செய்யலாமா என்று போன் போட்டேன். தொடக்க விழா நடக்காமல் ஆப்பரேஷன் முடிந்துவிட்டால் எதைத் தொடங்கி வைப்பது, போட்டோவுக்கு என்ன செய்வது என்று பர்னாந்து அண்ணாச்சி குதித்தார். காக்கா என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"அல்லாவுக்குப் போட்டோ வேணாம், பர்னாந்து. நான் போயிட்டு வாரேன்."

ஆஸ்பத்திரியில் தலைவர்

கோபித்துக்கொண்டு வீட்டில் இருப்பார் என்றுதான் நினைத்தோம். மாலையில் கண் ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அண்ணாச்சி இறங்கினார். ஒரு கையில் ஆரஞ்சுப் பழம், இன்னொரு கையில் சுருட்டிய பேனர். கட்டிலுக்குப் பின்னால் சும்மா ஒரு ஓரமாகக் கட்டிக்கொள்கிறேன் என்று நர்ஸிடம் கெஞ்சினார். அந்தப் பெண் பழத்தை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

"கண்ணுல கட்டுப் போட்டிருக்கவங்களுக்கு பேனர் எதுக்கு சார்? வெளிய போய் இருங்க."

முதல் தடவையாகப் பார்த்தவர்

அடுத்த வாரப் புதன்கிழமை பாப்பம்மாள் கூட்டத்துக்கு வந்தார். மகள் கையைப் பிடிக்காமல் மாடிப்படி ஏறி வந்தார். ஒரு கண்ணில் ஆப்பரேஷன் ஆகியிருந்தது. நாங்கள் கொடுத்த கறுப்புக் கண்ணாடி அன்றைக்குத்தான் உருப்படியாக ஒரு முகத்தில் ஏறியிருந்தது. சிறப்பு விருந்தினர் அன்றும் வரவில்லை, யாரும் அவரைத் தேடவும் இல்லை. பாப்பம்மாளைப் பேச அழைத்துவிட்டு அண்ணாச்சி கையைத் தூக்கினார். கை வலிக்கத் தட்டினோம். காக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சத்தம் அடங்கியதும் பாப்பம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். முன்வரிசையைப் பார்த்தார். அதற்குப் பின்னால் கடைசிச் சுவர்வரைக்கும் கிடந்த காலி நாற்காலிகளைப் பார்த்தார். பிறகு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"கைதட்டுத சத்தத்தக் கேட்டு ஊரே கூடியிருக்குன்னுல்லா வாராவாரம் கூச்சப்பட்டுக்கிட்டு இருந்தேன். நீங்க இம்புட்டுப் பேருதானாய்யா!"

தை பிறந்ததும் பாப்பம்மாள் உப்பளத்தில் இறங்கிவிட்டார், நாங்கள் எட்டுப் பேரும் இன்னமும் புதன்கிழமைதோறும் கைதட்டிக்கொண்டுதான் இருக்கிறோம், ஆனால் இப்போதெல்லாம் கொஞ்சம் மெதுவாக.